நாக்பூரில் ஒரு மத்தியானக் குளியல்

மச்சான் செத்துப்போன செய்தி வந்ததும் ராஜமாணிக்கத்துக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். செத்ததற்காகக்கூட அல்ல, செத்த தேதிக்காக. முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து, ஓய்வு பெற்ற மறுமாசமே பழைய டெம்போ வேன் ஒன்றை வாங்கி, அதில் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிக்க ஒரு மறைப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றி, மனைவி சந்திரகலாவோடு காசிக்குப் புறப்பட்டிருக்கிறார். ஆறாவது நாள்தான் ஆகிறது. நாக்பூரைக்கூடத் தாண்டவில்லை. சாவதற்கு அந்த மனுஷனுக்கு வேறு வாரமே கிடைக்கவில்லையா?

செத்தவர் சுப்பிரமணி, சந்திரகலாவின் ஒரே அண்ணன். கீழ்பென்னாத்தூரில் நெல்லும் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டு இருந்தவர். அப்பா அம்மா இல்லாத, பிள்ளையும் பெறாத சந்திரகலாவுக்கு, புருஷன் வீட்டை விட்டால் உரிமையோடு போய் நிற்க உலகத்தில் இருந்த ஒரே வாசல் அண்ணன் வீட்டு வாசல்தான். புருஷனோடு சண்டை வந்தால் அங்கே போவாள். இரண்டு நாள் கழித்து அண்ணனே டூவீலரில் கொண்டுவந்து, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருக்கும் புருஷன் வீட்டில் விட்டுவிட்டு, ஒரு மூட்டை கடலையையும் இறக்கி வைத்துவிட்டுப் போவார்.

ஆனால் சுப்பிரமணிக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. பயணத்துக்கு முந்தின நாள் வழியனுப்ப வந்தவர் கேரவனுக்குள் ஏறி ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார். கடைசியில் கக்கூஸ் மூடியின்மேல் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்துகொண்டார். அதற்கு அடியில் சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி உண்டு. மூன்று நாளில் நிறைந்துவிடும். நிறைந்தால் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரியும், உருவிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டியதுதான் என்று ராஜமாணிக்கம் பெருமையாக விளக்கினார்.

"எல்லாம் சரி மாப்ள," என்றார் சுப்பிரமணி. "ரொம்பினா அள்றது யாரு?"

தெருவில் நின்றிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். போகிறபோது "கக்கூஸ் வண்டிய பாத்து ஓட்டுங்க மாப்ள" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். ராஜமாணிக்கம் அதை மறக்கவில்லை. ஆந்திராவின் முதல் சுங்கச்சாவடி வரைக்கும் அவர் காதில் அந்தச் சிரிப்புத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அள்ளுவது யார் என்பதில் சந்தேகம் வேறா? விளக்கு எரிந்தால் அவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையை இரண்டு தட்டுத் தட்டுவார். சந்திரகலா புடவைத் தலைப்பை மூக்கில் சுற்றிக்கொண்டு பெட்டியை உருவுவாள். அவருக்குக் குமட்டும் என்று சொல்லிவிட்டார். அவளுக்குக் குமட்டுமா என்று அவர் கேட்டதில்லை.

போன் வந்தபோது வண்டி நாக்பூருக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்க்கில் நின்றிருந்தது. சந்திரகலா ரோட்டோரத்தில் ஆரஞ்சுப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பேசியது சுப்பிரமணியின் மகன் புகழேந்தி.

"மாமா, அப்பா போயிட்டாரு மாமா. மோட்டார் போடப் போனவரு அங்கயே சாஞ்சிட்டாரு. அத்தை போன்ல ரிங் போகுது, எடுக்கல. நீங்க அத்தைய எப்படியாவது பிளைட்ல ஏத்தி விட்டுடுங்க. நாளைக்கு சாயந்தரம் வரைக்கும் வச்சிருக்கோம். அத்தை வந்து வாய்க்கரிசி போடணும் மாமா."

ராஜமாணிக்கம் தலையைத் தூக்கினார். எதிரிலேயே பச்சைப் பலகை, அதில் விமானப் படம், பன்னிரண்டு கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. அம்புக்குறிகூட இருந்தது. உயிரோடு இருந்தபோது வண்டியைப் பார்த்துச் சிரித்தான், செத்தும் வண்டியை நிறுத்தப் பார்க்கிறான் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

"புகழு, அத்தைகிட்ட இப்பதான் சொன்னேம்பா," என்றார் குரலைத் தாழ்த்தி. வாய் தன்பாட்டுக்குக் கோத்துக்கொண்டே போனது. "கேட்டதும் மயங்கி வுழுந்துட்டா. டாக்டர் ஊசி போட்டுத் தூங்க வச்சிருக்காரு. பிளைட்லாம் தாங்காது. நீங்க எங்களுக்காகக் காத்துக்கினு இருக்காதீங்க, எடுத்துடுங்க. கொஞ்ச நாளைக்கு யாரும் அவளுக்குப் போன் பண்ணாதீங்க. காரியத்துக்கு நான் கூட்டிகிட்டு வந்துடறேன்."

பிறகு வண்டிக்குள் ஏறி, சார்ஜில் கிடந்த அவள் போனிலிருந்து சிம் கார்டைக் கழற்றி ஜன்னல் வழியாக எறிந்தார். வேறு மாநிலம், சிம் பிளாக் ஆகிவிட்டது, ஊருக்குப் போய்த்தான் மாற்ற முடியும் என்றால் நம்பிவிடுவாள். முப்பது வருஷமாக நம்பிக்கொண்டுதானே இருக்கிறாள்.

அடுத்தது தீட்டு. இந்த விஷயத்தில் மனிதர் கறார். காசிக்குப் போய்த் திரும்பி, வண்டியோடு மலையைச் சுற்றி, ராஜகோபுரத்துக்கு எதிரில் சூறைத்தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். தூரத்தில் இருப்பவர்களுக்குக் காதில் விழுந்த நாளிலிருந்துதான் தீட்டு என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். சந்திரகலா காதில் விழவில்லை, ஆகவே அவளுக்குத் தீட்டில்லை. விழுந்தது தன் காதில். மச்சான் சாவுக்குத் தலை முழுகினால் தீர்ந்தது. கணக்கு சுத்தமாக இருந்தது.

ஆகவே கேரவனின் மறைப்புக்குள் போய், உச்சி வெயிலில், தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டார். சும்மா இல்லை, தொட்டி காலியாகும்வரை ஊற்றிக்கொண்டார். பை நிறையப் பழத்தோடு ஏறிவந்த சந்திரகலா, சொட்டச் சொட்ட நிற்கிற புருஷனைப் பார்த்து, "என்னங்க, காலைல குளிச்சீங்களே, இப்ப எதுக்கு?" என்று கேட்டாள்.

"உஷ்ணம்," என்றார்.

அன்றைக்குப் பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லை. அவள் ஆரஞ்சுத் தோலால் தட்டைத் துடைத்து அடுக்கி வைத்தாள்.

அதற்குப் பிறகு வண்டி படுத்திய பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜபல்பூர் பக்கம் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதில் அலமாரி திறந்துகொண்டு துவரம்பருப்பு முழுக்கப் படுக்கையில் கொட்டியது. நான்கு நாள் அவர்கள் பருப்பின்மேல்தான் படுத்தார்கள். பேன் சுவிட்சை அணைக்க மறந்து பேட்டரி இறங்கிப்போய், லாரிக்காரர்கள் தள்ளிவிட்டார்கள். ஒரு ஊரில் புளியமரக் கிளை கூரை ஜன்னலைப் பெயர்த்தது. மழை பெய்தபோது சந்திரகலா கட்டிலில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு கோளாறுக்கும் அவர் அவளைத்தான் திட்டினார். அலமாரியைச் சாத்தாதது யார், பேன் கேட்டது யார், கிளை வருகிறது என்று சொல்லாதது யார்? மாறாமல் ஒழுங்காக வேலை செய்தது அந்தச் சிவப்பு விளக்கு ஒன்றுதான். மூன்று நாளைக்கு ஒருதரம் எரிந்தது. அவர் தட்டினார். அவள் எடுத்தாள்.

"அண்ணனுக்கு ஒரு போன் போடுங்களேன்" என்று தினமும் கேட்பாள். அவர் காதில் வைத்துக்கொண்டு நிற்பார். "ரிங் போகுது. எடுக்கல."

"கடலை பிடுங்கற நேரம். வயல்ல இருப்பாரு," என்று அவளே சமாதானம் சொல்லிக்கொள்வாள். காசியில் அண்ணனுக்கென்று ஒரு கங்கைச் செம்பு வாங்கினாள். மூடி ஒழுகாது, ஈயம் வைத்தது என்று கடைக்காரன் சொன்னதும், இரண்டு தரம் கவிழ்த்துப் பார்த்து வாங்கினாள். ராஜமாணிக்கம் பக்கத்தில்தான் நின்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. உயிர் போகும்போது வாயில் ஊற்றத்தான் கங்கைத் தண்ணீர் என்று அவருக்குத் தெரியாதா? இனி அது சுப்பிரமணிக்கு வேண்டாம் என்பதும் தெரியும்.

இத்தனை சாமர்த்தியத்தில் ஒரே ஓர் ஓட்டை. வாட்ஸப் ஸ்டேட்டஸ். பயணத்தில் தினமும் நாலு படம் போட்டுவிட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நாக்பூரிலேயே, குளித்துத் தலை துவட்டிய கையோடு, சந்திரகலா ஆரஞ்சுப் பழத்தை இரண்டு கண்ணிலும் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிற படத்தைப் போட்டார். அறுபத்து மூன்று பேர் பார்த்திருந்தார்கள். எத்தனை பேர் என்று பார்த்தாரே ஒழிய, யார் யார் என்று பார்க்கவில்லை. அவர் போனில் புகழேந்தியின் நம்பரும் இருந்தது.

இருபத்தோராவது நாள் காலையில் வேலூர்ப் பக்கமிருந்து ஊருக்குள் நுழைந்தார்கள். அன்றுதான் சுப்பிரமணிக்குப் பதினாறாம் நாள். திட்டம் பக்காவாக இருந்தது. முதலில் மலை சுற்றுவது, தேங்காய் உடைப்பது, பிறகு அவளை உட்காரவைத்து, இப்போதுதான் தகவல் வந்ததுபோல மெதுவாகச் சொல்வது. பந்தியில் கூட்டம் கலையுமுன் கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்துவிடலாம். அழுகிற சத்தத்தில் யார் எப்போது சொன்னார்கள் என்றெல்லாம் கேட்பார் இல்லை. சந்திரகலா கோயிலுக்கென்று மாம்பழக் கலர்ப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள்.

வேங்கிக்கால் தாண்டவில்லை, போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"எங்க போறீங்க?"

"மலை சுத்தணும் சார்."

"வண்டிலயா? இன்னிக்கு பௌர்ணமி சார். உள்ளூர்க்காரர்தானே நீங்க?"

திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவன் தன் பெயரை மறந்தாலும் பௌர்ணமியை மறக்க மாட்டான். கருமாதி எந்த நாள், தீட்டு எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர் என்று விரல் விட்டு எண்ணிய மனுஷன் வானத்தைப் பார்க்க மறந்துவிட்டார். லட்சம் பேர் நடக்கிற அன்றைக்குக் கேரவனுக்கு ஏது வழி? கெஞ்சினார், பழைய பதவியைச் சொன்னார். போலீஸ்காரர் காது கொடுக்கவில்லை. சுற்றுச் சாலை வழியாக எல்லா வண்டிகளோடும் தள்ளிக்கொண்டுபோய் செஞ்சி ரோட்டுத் தற்காலிக பஸ் ஸ்டாண்டில் நிறுத்த வைத்துவிட்டார்கள். கீழ்பென்னாத்தூர் பஸ்கள் வந்து நிற்கிற அதே இடம்.

ராஜமாணிக்கம் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். இறங்க வேண்டாம், உள்ளேயே இரு என்று அவளிடம் சொல்ல நினைத்து வாயைத் திறந்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது. கூடவே நாற்றமும் வந்தது. மூன்று வாரமாகப் பழகிய கை, மூளையைக் கேட்காமல், பலகையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டது.

"கோயிலுக்குப் போயிட்டு வந்து எடுக்கறேனே. பட்டுப்புடவை கட்டிகினு இருக்கேன்," என்றாள்.

"நாத்தம் தாங்கல. சட்டுனு போ."

அவள் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி கட்டணக் கழிப்பிடத்தை நோக்கி நடந்தாள். அதன் சுவர் முழுக்கப் போஸ்டர். ஒரு போஸ்டருக்கு எதிரில் அவள் கால் நின்றது. கண்ணீர் அஞ்சலி. அண்ணன் டை கட்டிக்கொண்டிருந்தார். வாழ்நாளில் கட்டாத டையை ஸ்டூடியோக்காரன் கட்டிவிட்டிருந்தான். கீழே தோற்றம், மறைவு, பதினாறாம் நாள் காரியம் இன்று. அதற்கும் கீழே துயரத்தில் வாடுபவர்கள் வரிசை: மனைவி ராணியம்மாள், மகன் புகழேந்தி, தங்கை சந்திரகலா, மைத்துனர் ராஜமாணிக்கம்.

மறைவுத் தேதியை அவள் மூன்று தரம் படித்தாள் என்பது முதுகைப் பார்த்தே அவருக்குத் தெரிந்தது. ஓடிவந்தார். அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். அலறவில்லை, அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. தலையில் கையை விட்டுப் பூவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே நடந்து, கிளம்பிக்கொண்டிருந்த கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பின்னாலேயே ஓடப் பார்த்தார். அதற்குள் ஒரு கான்ஸ்டபிள் சத்தம் போட்டார். "யோவ், இந்தப் பொட்டிய யார் வச்சது? யாருதுய்யா?" பௌர்ணமிக் கூட்டத்தில் ஆளில்லாத பெட்டி என்றால் சும்மா விடுவார்களா? ஜனம் விலகி வட்டமாக நின்றது. வேறு வழியில்லாமல் ராஜமாணிக்கம் கையைத் தூக்கினார்.

"உள்ள என்னா?"

சொன்னார்.

"தொறந்து காட்டுங்க."

திறந்து காட்டினார். கான்ஸ்டபிள் நாலடி பின்னால் குதித்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வெள்ளை வேட்டியில் தெறித்ததோடு, வாழ்க்கையில் முதல் முறையாக அவரே அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டினார். இரண்டு தரம் குமட்டியது. வாந்தியும் எடுத்தார்.

கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. நாற்காலியில் மாலை போட்ட படம். பட்டுப்புடவையோடு சந்திரகலா வாசலிலேயே நின்றாள். யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை என்பது தெரிந்தது. எதிரில் அன்று விடியற்காலையில் தாலி அறுத்த ராணியம்மாள், கையில் மகனின் போனோடு நின்றாள்.

"எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமாத் தெரியாது."

"தெரியாதா? ஊசி போட்டுத் தூங்கறன்னு சொன்னாங்க. தூங்கறவ இப்படித்தான் சிரிப்பாளா?" ராணியம்மாள் போனை நீட்டினாள். அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்த படத்தில் ஆரஞ்சுக் கண்ணோடு சந்திரகலா சிரித்தாள். "உங்கண்ணன் உள்ள ஐஸ் பொட்டில கெடந்தாரு. மயக்கம் தெளிஞ்சி எப்படியும் நீ வருவன்னு புகழு எடுக்க வுடல. இத வந்து காட்டினாங்க. அப்புறந்தான் தூக்குனோம்."

புகழேந்தி ராஜமாணிக்கத்திடம் வந்தான். கண் சிவந்திருந்தது. "மாமா, நீங்க சொல்லுங்க. அத்தைக்குத் தெரியுமா, தெரியாதா?"

பந்தியில் கைகள் நின்றுவிட்டன. நாற்பது முகம் அவரையே பார்த்தது. தெரியாது, மறைத்தது நான்தான் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவள் அந்தப் படியேறி அண்ணன் படத்துக்கு முன்னால் விழுந்து அழுதிருப்பாள். சந்திரகலா அவரைப் பார்த்தாள். கேட்கவில்லை, கெஞ்சவில்லை, பார்த்தாள். ராஜமாணிக்கம் நாற்பது முகத்தையும் பார்த்தார். தன் வேட்டிக் கறையையும் பார்த்துக்கொண்டார்.

"அன்னிக்கே சொல்லிட்டேம்பா," என்றார். "இவதான், பாதில திரும்புனா காசிக்குப் போற புண்ணியம் போயிடும்னுட்டா. நான் என்னா பண்றது? ஊசி போட்டிருக்குன்னு சொல்லி சமாளிச்சேன்."

ஒருத்தர் "தூ" என்று துப்புகிற சத்தம் கேட்டது. பாவி மனுஷன், அந்த எச்சில் தன்மேல் விழவில்லை என்று நிம்மதிப்பட்டான்.

"அந்தப் புண்ணியத்த எடுத்துக்கினு கெளம்பு சந்திரா," என்றாள் ராணியம்மாள். "இனிமே இந்த வாசல்ல உனக்கு யாரும் இல்ல." பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். புகழேந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த பந்திக்கு இலை போடப் போனான்.

திரும்புகிற வழியில் சந்திரகலா பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் பலகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாக்பூர்ல மத்தியானம் குளிச்சீங்களே. அது எங்கண்ணனுக்கா?"

அவர் கியர் மாற்றினார்.

"தொட்டித் தண்ணி முழுக்க ஊத்திகிட்டீங்க. நான் உஷ்ணம்னு நெனச்சி ஆரஞ்சுச் சாறு புழிஞ்சி குடுத்தேன்."

வேங்கிக்காலில் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கச் சொன்னார். அவள் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"அண்ணன் வீடு எனக்கு இல்லன்னு பண்ணிட்டீங்க. உங்க வீட்டுக்குள்ள நான் வர்றதா இல்ல. இதுல இருந்துக்கறேன். அள்றது யாருன்னு எங்கண்ணன் கேட்டாரே, அதுக்கு நீங்க பதில் சொல்லாமலே வந்துட்டீங்க. நாத்தம் தெருவுக்கு வந்தா தெரு என்னான்னு கேக்கும். கேட்டா நான் எல்லாத்தையும் சொல்லுவேன்."

இது நடந்து நாலு மாசம் ஆகிறது. கேரவன் அங்கேயேதான் நிற்கிறது. டயரில் காற்று இறங்கிவிட்டது. கங்கைச் செம்பு கட்டில் ஓரத்தில் சாய்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரியும். வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக் கரண்ட் கொடுத்திருக்கிறார். தினமும் குழாய் போட்டுத் தொட்டியை நிரப்புகிறார். உள்ளே ஏற அவருக்கு அனுமதி இல்லை, பெட்டி உருவுகிற கதவு வண்டிக்கு வெளிப்பக்கம் இருக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளேயிருந்து ஜன்னலை இரண்டு தட்டுத் தட்டுவாள். எதிர்வீட்டுக்காரர்கள் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் தட்டுவாள். ராஜமாணிக்கம் கையிலிருக்கும் காபியை வைத்துவிட்டு எழுந்து போவார்.